சாவி யாருடையது? மொழித்துறைகளும் தொலைக்கணினியும்

தமிழும் மொழியியலும் படிப்பவர்கள் எஸ்.எஸ்.எச். என்ற கட்டளையைக் கற்க வேண்டுமா என்ற கேள்வி சில வாரங்களாக எங்கள் ஆய்வாளர் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டும் என்பவர்கள் வேலைவாய்ப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், பொறியியல் மாணவர்களின் வேலையை நம் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்கிறார்கள். நான் வேண்டும் என்ற கட்சி. ஆனால் வேலைவாய்ப்பு என் காரணமன்று. நமக்கு மணிக்கணக்கில் அமர்ந்து பேசித் தந்தவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினோமே, அதில் நாம் கொடுத்த வாக்குதான் என் காரணம். அந்த வாக்கு இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரு கூட்டுக் கடவுச்சொல்லின் மீது நிற்கிறது. அது நிற்கத் தகுந்த இடமன்று என்பதே இந்தப் பதிவின் சாரம்.

கட்டளை வரிக்குப் பழகாதவர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எச். என்பது, உங்கள் மேசையில் இருக்கும் கணினியின் கருநிறச் சாளரத்திலிருந்து வேறெங்கோ இருக்கும் கணினிக்குள் நுழைந்து, அதன் முன் அமர்ந்திருப்பதைப் போலவே கட்டளை தட்டச்சு செய்ய உதவும் கருவி. இடையில் செல்லும் ஒவ்வோர் எழுத்தும் மறையாக்கம் பெற்றே செல்கிறது. படமில்லை, சுட்டியில்லை, எழுத்து போகிறது, எழுத்து வருகிறது. ஆகவே இணைப்பு மெதுவாக இருந்தாலும் போதும், மடிக்கணினி பழையதாக இருந்தாலும் போதும். உல்லாஸ்நகரில் நான்காம் முகாமின் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்த அறையின் மின்விசிறியைத் தவிர வேறெதற்கும் மின்செலவு வைக்காமல், பல நூறு செயலிகள் கொண்ட இயந்திரத்தை வேலை வாங்கலாம்.

மொழியியலாளர்க்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்கள், களத்திலிருந்து நூறு மணி நேர ஒலிப்பதிவுடன் திரும்பியவர் எவரையேனும் விசாரிக்கலாம். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க ஒரு நாள் ஆகிறது. குறுக்குப்பேச்சும் தெருவின் இரைச்சலும் சேர்ந்தால் இரண்டு நாள். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் போன்ற பேச்சறி மாதிரிகளும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென உருவாக்கிவரும் மாதிரிகளும் அந்தச் சுமையைக் குறைத்திருக்கின்றன. மும்பைத் தமிழின் இந்தி, மராட்டிக் கலப்பில் அவை தடுமாறுகின்றன என்பது உண்மை. ஆனால் திருத்துவதற்கு ஒரு முதல் வரைவு கிடைக்கிறது. கிடைத்த திருத்தங்களைக் கொண்டே மாதிரியை மேலும் பழக்கவும் முடிகிறது. இதற்கெல்லாம் நம் மடிக்கணினி போதாது.

போதுமான இயந்திரங்கள் நாட்டில் இல்லாமலில்லை. 2015-இல் தொடங்கப்பட்ட தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ், புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனம் பரம் வரிசை இயந்திரங்களைக் கல்வி நிறுவனங்களில் அமைத்துவருகிறது. புணே ஐசரில் இருப்பதன் பெயர் பரம் பிரம்மா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 838 டெராஃபிளாப் இயந்திரத்தின் பெயர் பரம் பொருள். பெயரில் தமிழ் இருக்கிறது. அந்த இயந்திரங்களைப் பயன்படுத்துவோர் பட்டியலில் தமிழ்த்துறைகள் எத்தனை இருக்கும் என்பதை வாசிப்பவர் ஊகத்துக்கே விடுகிறேன். இவை அனைத்துக்கும் வாசல் ஒன்றே: எஸ்.எஸ்.எச். வழியாக நுழைவுக் கணினி. அங்கிருந்து வேலையை வரிசையில் இடுதல்.

தொலைவிலுள்ள கணினியை நாடிச் செல்வது இந்நகரத்து மொழியாய்வுக்குப் புதிதன்று. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறியீடுகளின் தொடரடைவைத் தொகுத்தபோது, அதன் கணினிப்பணி மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெற்றது. தொகுப்பை இந்தியத் தொல்லியல் துறை 1977-இல் வெளியிட்டது. அதே நிறுவனத்தில்தான், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்றாகிய டிஃப்ராக் 1960-இல் இயங்கத் தொடங்கியது. 1964-இல் சி.டி.சி. 3600 வந்தபின் பிற நிறுவன ஆய்வாளர்களும் தம் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளாகக் கொலாபாவுக்குக் கொண்டுவந்தனர். கணினி அமைத்த நரசிம்மன் பிற்காலத்தில் மொழி நடத்தை குறித்து நூல்கள் எழுதினார் என்பதை எங்கள் துறை மாணவர்களுக்குச் சொன்னால் வியப்படைகிறார்கள். மொழியும் கணினியும் வேறு வேறு கட்டடங்கள் என்ற எண்ணம் பின்னால் வந்த பாடத்திட்டங்கள் உண்டாக்கியது; முதல் தலைமுறையிடம் அது இல்லை.

அந்தக் காலத்தில் அறிஞர் இயந்திரத்திடம் போனார். இயக்குநர் இயந்திரத்திடம் பேசினார். இடையில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். கணினிகளை இணைக்கும் வலை இங்கு வந்தபின் அந்த இடையாள் மெல்ல மறைந்தார். அந்த வலையை இங்கு நெய்தவர்களுள் முதன்மையானவர் எஸ். ராமணி; மும்பை ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் இயக்குநர். 1980-களின் பிற்பகுதியில் கல்வி நிறுவனங்களை இணைத்த எர்னெட் வலையமைப்பில் அந்த மையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் 2014-இல் இணையப் பெருமக்கள் அரங்கில் இடம்பெற்றார். அவர் நடத்திய மையம் பின்னர் சி-டாக்குடன் இணைந்தது. இன்று நாம் நுழையும் பரம் இயந்திரங்களை அமைக்கும் அதே சி-டாக்.

1995 இக்கதையில் ஒரு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மாணவர்க்கென்று வைத்திருந்த மலிவான கணக்கில் படங்கள் கிடையா. தொலைபேசி வழியாக வி.எஸ்.என்.எல்.-இன் யுனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்தே பைன் நிரலில் கடிதம் படித்து, லிங்க்ஸ் நிரலில் எழுத்து மட்டும் கொண்ட பக்கங்களைப் பார்க்க வேண்டும். அதாவது இந்நாட்டு மாணவர்களின் முதல் இணையமே தொலைக்கணினியில் கட்டளை தட்டச்சு செய்வதுதான். இன்று ஐம்பதைத் தொடும் பேராசிரியர்கள் பலர் அப்படித்தான் தொடங்கினர். “எங்கள் மாணவர்களுக்கு இதெல்லாம் வராது” என்று அவர்களே சொல்லக் கேட்கும்போதுதான் சற்று வேடிக்கையாக இருக்கிறது.

அதே ஆண்டு, சில வாரங்களுக்கு முன்பு, ஃபின்லாந்தில் எஸ்.எஸ்.எச். பிறந்திருந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டியிருந்தார்கள். அதுவரை புழங்கிய டெல்நெட், ஆர்லாகின் போன்ற கருவிகள் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்பின. வழியில் எவர் காதுவைத்தாலும் கேட்கும். அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலேனன் இதற்கு மாற்றாக ஒரு கருவி எழுதி 1995 ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். 21-ஆம் வாயில் கோப்புப் பரிமாற்றத்துக்கு, 23-ஆம் வாயில் டெல்நெட்டுக்கு. நடுவில் 22 காலியாக இருந்தது, அதைக் கேட்டுப் பெற்றார். 1999 இறுதியில் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் திறமூல வடிவத்தை வெளியிட்டனர். இன்று ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருப்பது அதுவே. 2018 முதல் விண்டோஸிலும் அது உடன் வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பிறப்புக்கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருவர் நம்பிக்கொடுத்த செய்தியை வழியில் மூன்றாமவர் கேட்டுவிட்டார். அந்தச் சிக்கலுக்கு விடையாக வந்த கருவி இது. களமொழியியலின் சிக்கலும் அதுதான்.

இனிச் சாவிக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எச்.-இல் கடவுச்சொல்லுக்கு மேலான ஒரு முறை இருக்கிறது. ஒரே கட்டளையில் உங்கள் கணினி இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்று தனிச்சாவி, மற்றது பொதுச்சாவி. தமிழில் இரண்டையும் சாவி என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. உண்மையில் பொதுச்சாவி என்பது பூட்டுக்கு ஒப்பானது. அதை யாருக்கும் கொடுக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், சுவரில் ஒட்டலாம். தொலைக்கணினியின் நிர்வாகி உங்கள் கணக்கின் வாசலில் அந்தப் பூட்டை மாட்டிவைப்பார். தனிச்சாவி உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. நீங்கள் நுழையும்போது தொலைக்கணினி ஒரு சோதனை வைக்கிறது. உங்கள் கணினி தனிச்சாவியால் ஒப்பமிட்டு விடை அனுப்புகிறது. பூட்டு அதைச் சரிபார்க்கிறது. இரகசியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தனிச்சாவிக் கோப்புக்கே ஒரு கடவுத்தொடர் வைத்துவிட்டால், மடிக்கணினி இரயிலில் தொலைந்தாலும் சாவி எளிதில் பிறர்க்குப் பயன்படாது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? பெயர் வேண்டாம், ஒரு துறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆய்வகத்துக்கு ஒரே கணக்கு. அதன் கடவுச்சொல் வெண்பலகையின் மூலையில், அழிக்காதீர் என்ற குறிப்புடன் எழுதப்பட்டிருந்தது. முனைவர் பட்டம் முடித்துச் சென்றவர்கள், பாதியில் விட்டவர்கள், ஒரு பருவம் மட்டும் வந்த பயிற்சி மாணவர்கள், எல்லோர்க்கும் அது தெரியும். ஆண்டுகளாக மாறவில்லை, மாற்றினால் எல்லோர்க்கும் சொல்ல வேண்டுமே என்பது காரணம். அந்தக் கணக்கின் அடைவுகளில் ஏழெட்டுப் பேரின் களப்பதிவுகள் அருகருகே கிடந்தன. கோப்புப் பெயர்களில் பேச்சாளரின் பெயரும் ஊரும் வயதும். இது விதிவிலக்கு என்று நம்ப ஆசைப்பட்டேன். பிற பல்கலைக்கழக நண்பர்களிடம் கேட்டபோது, “எங்களிடம் வெண்பலகை இல்லை, வாட்சப் குழு இருக்கிறது” என்ற விடையே கிடைத்தது.

இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைத் தமிழை ஆய்பவர் அங்குப் போகாமல் இருக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் தலைமுறைகளாகப் பம்பாய்த் தெருவோடு கலந்திருக்கும் இடம் அது. சமூகமொழியியல் நேர்காணலின் முதற் கேள்விகள் எவை? “எந்த வருசம் பம்பாய் வந்தீங்க அக்கா?” “அப்போ இதே வீடுதானா?” “மாடி எப்போ எடுத்தீங்க?” குடியேறிய ஆண்டும் குடியிருப்பு வரலாறும் நமக்கு மாறிகள், அவையின்றி எந்தப் பகுப்பாய்வும் இல்லை.

அதே விவரங்கள் இன்று தாராவியில் வீட்டுரிமையைத் தீர்மானிக்கின்றன. மறுமேம்பாட்டுத் திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களும் மேல்தளத்தில் இருப்பவர்களும் வேறு நிபந்தனைகளுடன் வேறிடங்களுக்குப் போக வேண்டும். 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒருவர் தம் கதையைச் சொல்லும் உற்சாகத்தில், ஊருக்குத் திரும்பிப்போய் இடையில் நான்கு ஆண்டுகள் இருந்ததை, மாடியைத் தம்பிக்குக் கொடுத்ததை, பத்திரம் மாமனார் பெயரில் இருப்பதை எல்லாம் சொல்லிவிடுவார். சொல்லத்தான் வைக்கிறோம். ஒலிக்கருவியை மறந்து பேச்சாளர் தம் இயல்பான மொழிக்கு வர வேண்டுமானால் வாழ்க்கையைக் கேள் என்பதுதானே 1960-களில் லபோவ் நியூயார்க்கில் செய்த ஆய்விலிருந்து நம் துறை கற்ற பாடம். ஆகவே நம் பதிவுகளில் மென்மையான செய்திகள் இருப்பது தற்செயலன்று. நம் முறையே அவற்றை வரவழைக்கிறது.

அந்த ஒலிக்கோப்பை யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒப்புதல் படிவத்தில் நாம், “யாரும் தேட மாட்டார்கள்” என்று எழுதவில்லை. “ஆய்வுக் குழுவினர் தவிர எவரும் கேட்க மாட்டார்கள்” என்று எழுதினோம். வெண்பலகையைப் பார்த்த எல்லோரும் ஆய்வுக் குழுவினர் என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? பொருண்மையியல் படித்தவர்கள் விடை சொல்லட்டும்.

கூட்டுக் கடவுச்சொல்லின் தீங்கு நம் துறையோடு நிற்பதுமில்லை. 2020 மே மாதத்தில் எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர் என்ற பிரித்தானியத் தேசிய மீக்கணினியும், ஜெர்மனியின் பல உயர்திறன் கணினி மையங்களும் அடுத்தடுத்து வாசலை மூடின. எவரும் பூட்டை உடைக்கவில்லை. ஆய்வாளர்களிடமிருந்து களவாடிய நுழைவுச் சான்றுகளைக் கொண்டு முறையாகவே உள்ளே நுழைந்திருந்தார்கள். ஒரு மையத்தில் கணக்குள்ள ஆய்வாளர்க்கு இன்னொரு மையத்திலும் கணக்கு இருக்கும். ஒன்றில் பிடித்த நூலால் மற்றதற்குப் போகலாம். பெருந்தொற்றுக் காலத்தில், அந்த இயந்திரங்கள் தேவைப்பட்ட நேரத்தில், பயனாளர் அனைவரும் சாவியையும் கடவுச்சொல்லையும் புதிதாக்க வேண்டியதாயிற்று. “நாம் மொழித்துறைதானே, நம்மை யார் சீண்டுவார்” என்ற எண்ணம் அடுத்தவர் வீட்டையும் சேர்த்துத் திறந்துவைக்கிறது.

மறுப்புகளில் சில நியாயமானவை. இப்போதெல்லாம் உலாவியிலேயே குறிப்பேடு திறந்து வேலை செய்யலாமே, கருஞ்சாளரம் எதற்கு என்கிறார்கள். செய்யலாம், முதல் பருவத்துக்கு அதுவே நல்ல வழி. ஆனால் அந்த வசதி பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் இலவசக் கணக்கு வழியே வருகிறது. பதிவேற்றிய ஒலி எந்த நாட்டில், யாருடைய வட்டில், எவ்வளவு காலம் இருக்கும் என்பதை அந்நிறுவனத்தின் விதிமுறைதான் தீர்மானிக்கிறது. தன் நிறுவனத்து இயந்திரத்தில் தன் பெயரில் கணக்கு வைத்து, தன் சாவியால் நுழைபவர்க்கு அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியும். குறைந்தது, விடை சொல்லக் கடமைப்பட்ட நிர்வாகி யார் என்றாவது தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எஸ்.எஸ்.எச். வழியைத்தான் காக்கிறது, சேர்ந்த இடத்தில் கோப்பு மறையாக்கம் இன்றியே கிடக்கும். நிர்வாகியால் பார்க்க முடியும். அடைவின் அனுமதிகளைச் சரியாக வைக்காவிட்டால் பிற பயனாளர்களாலும் முடியும். எனவே பெயரும் குரலும் சேர்ந்த மூலப்பதிவை அப்படியே அனுப்பாமல் குறியீட்டு எண்ணிட்டு அனுப்புவதும், வேலை முடிந்ததும் அங்கிருந்து அழிப்பதும் நம் பொறுப்பு. சாவி தொடக்கம் மட்டுமே. ஆனால் கூட்டுக் கணக்கில் இந்த இரண்டாம் படிக்கே இடமில்லை. யார் எதை அழித்தார், யார் எதை எடுத்தார் என்பதற்கு எந்தத் தடயமும் இராது. இயந்திரத்தின் பதிவேட்டில் எல்லோரும் ஒரே ஆள்.

அடுத்த மறுப்பு ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்க்குக் கட்டளை வரி அச்சமூட்டும் என்கிறார்கள். அச்சம் உண்மை, காரணம் தவறு. கட்டளைகள் ஆங்கிலம் அல்ல. கிரெப் என்பது எந்த ஆங்கில அகராதிச் சொல்லிலிருந்தும் வரவில்லை. பழைய தொகுப்பு நிரல் ஒன்றில் தேடுவதற்கு இட்ட கட்டளையின் எழுத்துகள் ஒட்டிப்போய்ச் சொல்லானது. எல்.எஸ்., சி.டி., எம்.வி. எல்லாம் எழுத்துகள் உதிர்ந்த எச்சங்கள். கான்வென்ட் மாணவரும் நகராட்சிப் பள்ளி மாணவரும் இங்கு ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள். சிறு மொழி, கண்டிப்பான தொடரியல், சொற்றொகை மிகக் குறைவு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரையோடு படித்தவர்க்கு இது ஒரு மாலை நேர வேலை. கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாததைக் கண்டு விசைப்பலகை பழுது என்று எழுந்து போகாமல் இருந்தால் போதும். புதியவர் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள்.

முதல்முறை இணையும்போது வரும் கேள்வியைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கணினியின் கைரேகை இது, தொடரலாமா என்று எஸ்.எஸ்.எச். கேட்கும். எல்லோரும் படிக்காமலே ஆம் என்கிறோம். அந்தக் கைரேகையை நிர்வாகி தந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. நாம் களத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, “எங்க கையெழுத்துப் போடணும்பா?” என்று மட்டும் கேட்கும் பெரியவர்களைப் போலவே நாமும் இயந்திரத்தின் முன் நடந்துகொள்கிறோம்.

மூன்றாம் மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஏனெனில் அது சரி. முனையத்தில் தமிழ் சிதைகிறது. பழைய தட்டச்சு முனையங்களின் வழிவந்த இந்தச் சாளரம், திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குறி என்று வைக்கிறது. இலத்தீன் எழுத்துக்கு அது சரி. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். மெய்யின் இருபுறமும் குறி நிற்கும் ‘கொ’ போன்ற எழுத்தை அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், சுட்டி வேறெங்கோ. ‘கொடு’ என்ற சொல் நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடுக்கு நான்கு குறிகள். வட்டில் 12 பைட்டு. ஒகர உயிர்க்குறியை எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதிய பழைய கோப்பு என்றால் ஐந்து குறிகள், 15 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் கிரெப் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அகரமேறிய ககரத்தைத் தேடினால் ‘க்’, ‘கி’, ‘கு’ எல்லாம் வந்து குவியும்.

இது உண்மையான தொல்லை. ஆனால் சிதைவது காட்சி மட்டுமே. கோப்பில் தமிழ் பழுதின்றி இருக்கிறது. கட்டளைகளை முனையத்தில் இட்டுவிட்டு, தமிழ்க் கோப்புகளை மட்டும் வி.எஸ். கோட் போன்ற தொகுப்பியில் எஸ்.எஸ்.எச். வழியாகவே திறந்து படிக்கலாம். அங்கு எழுத்து ஒழுங்காகத் தெரியும். மேலும் இந்தத் தொல்லையைத் தீர்க்க வேண்டியவர் யார்? எழுத்துக்கும் குறிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாண்டு படித்த நாம் முனையத்தின் பக்கமே போகாவிட்டால், தமிழ் அங்கு உடைகிறது என்ற முறையீட்டைக்கூட எழுதியனுப்ப ஆளிருக்காது. கட்டங்களில் தமிழை அமர்த்துவது பொறியாளரும் எழுத்தியல் அறிந்தவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்த மேசையில் நம் நாற்காலி காலியாக இருக்கிறது.

நடைமுறைக்கு என்ன செய்யலாம்? முனைவர் பட்டப் பதிவாளர்கள் அனைவர்க்கும் ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு மதிப்பெண் அலகுப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கட்டாயமாக்கியது. மொத்தம் 30 மணி நேரம். கருத்துத்திருட்டு, போலி ஆய்விதழ்கள், மேற்கோள் குறியீட்டெண்கள் என்று அதன் பார்வை பெரும்பாலும் வெளியீட்டின் மீதே இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் ஐந்தாண்டுகள் தரவு எங்கே கிடக்கிறது என்பதும் அறம்தான். அந்த 30 மணி நேரத்தோடு ஒரு துறை தன் அளவில் நான்கு மணி நேரம் சேர்க்கட்டும். முதல் மணியில் சாவி உருவாக்குதல். இரண்டாவதில் தொலைக்கணினியில் நுழைந்து அடைவு அனுமதிகளைச் சரிசெய்தல். மூன்றாவதில் ஆர்சிங்க் கொண்டு கோப்புகளை அனுப்பி, மீட்டு, அழித்தல். மீதி நேரத்துக்கு டிமக்ஸ். இணைப்பு அறுந்தாலும் தொலைவில் வேலையை உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. தாணேயைத் தாண்டியதும் கைப்பேசிக் குறியீடு காணாமற்போகும் கர்ஜத் வண்டியில் தினமும் செல்பவர்க்கு, இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விட்டல்வாடியில் இறங்கும்போது மீண்டும் இணைந்தால், பேச்சறி மாதிரி விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டேயிருக்கும்.

நெறியாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கூட்டுக் கணக்கை மூடுங்கள். மாணவர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரில் கணக்கு கேளுங்கள். தேசியத் திட்டத்தின் இயந்திரங்களில் ஆசிரியர் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஒரு படிவம், சில கையெழுத்துகள். மாணவர் ஆய்வை முடித்துச் செல்லும் நாளில் நூலகத்தின் பாக்கியின்மைச் சான்றோடு, அவருடைய பொதுச்சாவி நீக்கப்பட்டது என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். பூட்டைக் கழற்றினால் போதும். அவரிடம் உள்ள தனிச்சாவி இனி எதையும் திறக்காது. வெண்பலகையில் எழுதிய கடவுச்சொல்லை அவர் நினைவிலிருந்து இப்படிக் கழற்ற முடியுமா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைமுகாமில் சிந்தி அகதிகள் குடியேறிய இந்த ஊருக்கு, 1949 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டி உல்லாஸ்நகர் என்று பெயரிட்டவர் அப்போதைய தலைமை ஆளுநர் இராஜாஜி. இதற்கும் எஸ்.எஸ்.எச்.-க்கும் தொடர்பில்லை, இங்குள்ள தமிழர்களைப் பதிவு செய்யும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் முதல் செய்தி என்பதால் சொன்னேன். அடுத்த செய்தி பெரும்பாலும், “இத எங்கயும் போட்றாதப்பா” என்று தொடங்கும்.

வரும் பருவத்தின் தொடக்கத்தில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், மேற்சொன்ன நான்கு மணி நேரத்தை மும்பை வட்டாரத் தமிழ், மொழியியல் மாணவர்களுக்குக் கற்றுத்தர நானும் இரு நண்பர்களும் அணியமாக இருக்கிறோம். மாதுங்காவோ செம்பூரோ, இடம் கிடைக்கும் பக்கம். விரும்புவோர் எழுதுங்கள். எந்த மடிக்கணினியும் போதும். களப்பதிவு எதையும் கொண்டுவர வேண்டாம், பயிற்சிக்கு வெற்றுக் கோப்புகள் வைத்திருக்கிறோம்.